வண்டி ஓடாத வியாழக்கிழமை

அத்தியாயம் 14

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்த கணக்கு ஒன்பதரை மணிக்குப் பதினேழில் நின்றுவிட்டது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது.

பூலாங்கரைக்குள் நுழையும் இடத்தில், தென்கால் வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில், மருத மர நிழலில் இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் ரோடு இன்ஸ்பெக்டர் பரமசிவன். அவர் மடியில் ஓர் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். லாரிக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒரு கட்டம், டிராக்டர், மாட்டு வண்டி, சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். எது கடந்து போனாலும் அதன் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இன்னொரு நாற்காலி உதவிப் பொறியாளர் கோமதிசங்கருக்கு. அவன் உட்காரவே இல்லை. நடுரோட்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். தாராளமாக நிற்கலாம். அன்றைக்கு அவனை வந்து இடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

"சார், நாய் போச்சுன்னா எந்தக் கட்டத்துல போட?" என்றார் பரமசிவன்.

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

"பின்ன என்ன சார் செய்ய? பதினேழுல ரெண்டு டவுன் பஸ், ஒண்ணு தபால்காரர் சைக்கிள். மிச்சம் பூரா வெளியூர் ஆளு. இந்த ஊர்ல இருந்து ஒரு ஈ காக்கா ரோட்டுக்கு வரலை."

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்தப் பதினேழின் கனம் தெரியும். பக்கத்து வீட்டில் பத்திரிகை இரவல் வாங்கி நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கடற்கரை வரைக்கும் ஒரு புது நெடுஞ்சாலை போட வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு திட்டம். வரைபடத்தில் அது அடிக்கோல் வைத்து இழுத்த கோடு. கோடு போகிற வழியெல்லாம் தென்கால் தண்ணீரில் விளைகிற நெல்லும் வாழையும். பதினோரு ஊர்களின் வயல்களைத் தின்னும். அந்தப் பதினோரு ஊரில் ஒன்றுக்குக்கூட நிற்காது. கோமதிசங்கர் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "புதிது வேண்டாம். ஊர்களை இணைக்கிற பழைய சாலைகளை அகலப்படுத்தி, பாலங்களைச் சீர்செய்து, ஒழுங்காகத் தார் போட்டாலே போதும்" என்று பன்னிரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினான்.

"நல்ல யோசனைதான். அந்தச் சாலையில் அவ்வளவு போக்குவரத்து இருக்கிறதா? ஒரு நாள் எண்ணிக் காட்டுங்கள்" என்று பதில் வந்தது.

அந்த ஒரு நாள்தான் இந்த வியாழக்கிழமை. மாலை ஆறு மணிக்குள் கணக்கு ஆயிரத்தைத் தாண்டினால் பழைய சாலைக்கு வாழ்வு. தாண்டாவிட்டால் வெள்ளிக்கிழமையே புதுச் சாலைக் கோப்பு சென்னைக்குப் பஸ் ஏறிவிடும்.

இது ஆபீஸ் கதை. வீட்டுக் கதை வேறு. பூலாங்கரை, கோமதிசங்கரின் மாமனார் ஊர். மாமனார் அம்மையப்பன் போன அக்டோபர் தேர்தலில் ஜெயித்துப் பஞ்சாயத்துத் தலைவர் ஆனவர். ஆன சூட்டோடு தீபாவளிப் பந்தியில், "நம்ம ஊரு வழியா நாலு லாரி சேந்து போற ரோடு வருது" என்று சொந்தக்காரர்கள் முன்னால் மார்தட்டினார். மாப்பிள்ளை கையிலிருந்த அதிரசத்தை இலையில் வைத்துவிட்டு, "அந்த ரோடு வேண்டாம்னு நாந்தான் மாமா எழுதியிருக்கேன்" என்றான். பந்தியில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் யார் என்று தெரியவில்லை, பழி மாப்பிள்ளை தலையில் விழுந்தது. அன்றிலிருந்து நாலு மாதம் மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்ளவில்லை.

சண்டை அவர்கள் இரண்டு பேருக்கு. நொந்தது அனுராதா. அம்மையப்பனுக்கு ஒரே மகள், கோமதிசங்கருக்கு ஒரே மனைவி, பாளையங்கோட்டையில் டீச்சர். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, விடியுமுன் ஸ்கூட்டரில் கணவன் பின்னால் உட்கார்ந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை வாசலில் இறக்கிவிட்ட கோமதிசங்கர் படியேறாமல் பாலத்துக்குப் போய்விட்டான்.

வரும்போதே ஊர் அழகாக இருந்ததை அவன் கவனித்தான். பிசான நெல் அறுவடைச் சமயத்தில் அந்தப் பக்கத்து ரோடு ரோடாக இருக்காது. கதிரைப் பரப்பிப் போட்டு, பஸ் சக்கரம் மிதித்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இன்றைக்கு ஒரு வைக்கோல் துரும்பு கிடையாது. ஊர் நெடுகத் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தது. 'பரவாயில்லை, திருந்திவிட்டார்கள்' என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் சந்தேகப்படத் தோன்றவில்லை. படித்தவன்.

பத்து மணிக்குப் பொறுமை போய், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று பார்த்தான். வாழைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரையில் ஊர்வலம் மாதிரி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் பால்காரர்கள், கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பின்னால் தலையில் புல்லுக்கட்டோடு பெண்கள். கடைசியில் ஒருவர் மொபெட்டை இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வந்தார். ஒற்றையடிப் பாதை. ஒருவர் கால் வழுக்கினால் கேனோடு வாய்க்காலுக்குள் போக வேண்டியதுதான்.

"பரமசிவன், நல்ல ரோடு இங்க இருக்கும்போது இவங்க எதுக்குக் கரை மேல போறாங்க?"

"அதானே" என்றார் பரமசிவன், அட்டையில் தலை வைத்தபடி.

கோமதிசங்கர் வரப்பில் இறங்கி நடந்தான். களத்துக்குப் போனதும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டிகள் இருபத்திரண்டு, நுகத்தடியை இறக்கி வரிசையாக நின்றன. மூன்று டிராக்டர். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று. மாடுகள் படுத்து அசைபோட்டன, ஆட்கள் புளிய மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். லாரி டிரைவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கொம்பையா எழுந்து வந்தார். இரண்டு ஏக்கர் வயலும் ஒரு ஜோடி மாடும் வைத்துப் பிழைக்கிறவர். அந்த இரண்டு ஏக்கரும் புது நெடுஞ்சாலைக் கோட்டுக்கு நட்ட நடுவில் இருந்தது.

"வாங்க மாப்ளே. வெயில்ல வந்திருக்கீகளே, சொல்லி விட்டா நாங்க வந்திருப்போம்லா."

"அண்ணாச்சி, இன்னைக்கு வண்டி பூட்டலியா?"

"அதெப்படிப் பூட்ட? சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் ஊரு ரோட்டுல சக்கரம் உருளப்பிடாதுன்னு பிரசண்டு சொல்லியிருக்காவல்லா. நேத்துக் கோயில் மைக்குலயும் சொல்லியாச்சு."

"எதுக்கு?"

"பெரிய ஆபீசர் ரோட்டைப் பாக்க வாராவளாம். அவுக வரும்போது வைக்கோலும் சாணியுமாக் கெடந்தா உங்களுக்குத்தான கேவலம்? பொண்ணு பாக்க வரும்போது வீட்டை எப்படி வச்சிருப்போம், அதே மாதிரி ரோடு சும்மா பளிச்சுன்னு கெடக்கணும்னு சொல்லிட்டாவ." கொம்பையா குரலைத் தணித்தார். "நாலு மாசமா உங்க பேரையே எடுக்காத மனுசன். நேத்துக் கூட்டத்துல எந்திரிச்சு, எங்க மாப்பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கொறையும் வந்துரப்பிடாதுன்னாவ. பொறவு யாரு எதுத்துப் பேசுவா? லாரிக்காரன்தான் கொஞ்சம் துள்ளுனான். அவனுக்கு இளநி வெட்டிக் குடுத்து உக்கார வச்சிட்டோம்."

கோமதிசங்கருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மாமனார் கூட்டத்தில் பேசினதைக் கேட்டதும் அது எங்கே போனது என்று தெரியவில்லை. களத்துமேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, அவங்க ரோட்டைப் பாக்க வரலை. ரோட்டுல எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணிப் பாக்க வந்திருக்கோம். நெறைய போச்சுன்னாத்தான் இந்த ரோட்டை அகலமாக்குவாங்க. போகலைன்னா புது ரோடு."

கொம்பையா மாடுகளைப் பார்த்தார். வண்டிகளைப் பார்த்தார்.

"அப்ப நாங்க காலையில இருந்து இங்கன உக்காந்திருக்கது?"

"ம்."

"என் வயலு?"

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நடங்க மாப்ளே, பிரசண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போவோம்."

அந்த வீட்டில் அப்போது அம்மையப்பன் மூன்றாவது தடவையாகக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை. பெரிய பொறியாளருக்குப் போட ரோஜா மாலை ஒன்று ஈரத் துணிக்குள் இருந்தது. தட்டு நிறைய எலுமிச்சம்பழம்.

"அங்கன வெயிலு எப்படி இருக்கும்?" என்றார் மகளிடம்.

"வெயிலைக் கேக்கீங்களா, அவரைக் கேக்கீங்களா?"

"வெயிலைத்தான் கேக்கேன்."

"வெயில் அடிக்கு. மோர் குடுத்து விடட்டா, வெயிலுக்கு?"

அம்மையப்பன் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி வடிவம்மாள் சிரிப்பது கேட்டது. மாப்பிள்ளை வருவாரோ மாட்டாரோ, அவள் பாட்டுக்கு உளுந்தஞ்சோற்றுக்குப் பருப்பு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"அனு" என்று வாசலில் குரல் கேட்டது.

அனுராதா வந்தாள். கணவன் தெருவில் நின்றான், அவனுக்குப் பின்னால் கொம்பையா. அவள் பின்னாலேயே அப்பாவும் வந்து வாசற்படியில் நின்றார்.

"அனு, வண்டியை எல்லாம் நிறுத்தி வச்சது உங்க அப்பாவான்னு கேளு."

அப்பா ஐந்தடி தூரத்தில்தான் இருந்தார். காது நன்றாகவே கேட்கும்.

"ஆமான்னு சொல்லும்மா. ஊரு சுத்தமா இருக்கான்னும் கேளு."

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நாங்க எண்ண வந்தது வண்டியை. ஆயிரம் வரணும். இப்ப வரைக்கும் பத்தொம்பது வந்திருக்கு. இப்படியே போனா நாளைக்குப் புது ரோட்டுக் கோப்பு கையெழுத்துக்குப் போயிரும்னு சொல்லு."

அனுராதா எதையும் திருப்பிச் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தேர்தலில் ஓட்டு எண்ணும்போது இரண்டாவது சுற்றில் பின்தங்கினாரே, அன்றைக்குக்கூட அந்த முகம் இப்படி விழவில்லை.

"குழியை எண்ணுவாங்க, பாலத்தை எண்ணுவாங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார் மெதுவாக. "வண்டியை எதுக்கும்மா எண்ணுதாங்க?"

"யாரும் போகாத ரோட்டை எதுக்கு அகலமாக்கணும்னு கேப்பாங்கல்லா, அப்பா."

"அனு, இன்னொண்ணும் சொல்லு. எங்க கணக்குல ஒரு மாட்டு வண்டி எட்டு காருக்குச் சமம். பைய போகும், ரோட்டை அடைச்சுக்கிடும், அதனால. களத்துல நிக்கிற இருபத்திரண்டு வண்டி மட்டும் நூத்தி எழுபத்தாறு."

"எட்டு காரா?" அம்மையப்பன் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தார். "வே, உம்ம வண்டியா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் அண்ணாச்சி" என்றார் கொம்பையா. அந்த நிலைமையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அம்மையப்பனுக்கு உடனே உயிர் வந்துவிட்டது. "அப்ப ஒண்ணும் கெட்டுப் போகலை. வே கொம்பையா, எல்லா வண்டியையும் பூட்டச் சொல்லும். பாலத்தைத் தாண்டி நாலு நடை அங்கன, நாலு நடை இங்கன. ரெண்டு மணிக்குள்ள ஆயிரம் என்ன, ரெண்டாயிரம் வந்துரும்."

"வேண்டாம்னு சொல்லு அனு" என்றான் கோமதிசங்கர். "ஒரே வண்டி எட்டுத் தடவை போனா அது பொய்க் கணக்கு. நாளைக்கு எவனாவது அதைக் கண்டுபிடிச்சா என் குறிப்பு மொத்தத்தையும் குப்பையில போட்டுருவாங்க. பதினோரு ஊருக்கும் சேத்து எழுதினது அது. அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்க போகட்டும். தினசரி போற மாதிரி. அது போதும். வந்தது வரட்டும்."

"வரலைன்னா என்ன செய்வாராம்?"

"வரலைன்னா வரலைன்னு எழுதுவேன்."

அனுராதாவுக்கு இரண்டு பேர் மேலும் ஒரே சமயத்தில் பாசமும் எரிச்சலும் வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே தெருவுலதான் நிக்கீங்க. ஒரே பாஷைதான் பேசுதீங்க. நான் போய் அம்மாவுக்குத் தேங்காய் திருவிக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தெருவில் மூன்று ஆண்கள் மிஞ்சினார்கள். கடைசியில் அம்மையப்பன் கொம்பையாவிடம், "அவர் சொல்லுத மாதிரியே செய்யும்வே. ஒரு நடை. அவனவன் வேலைக்கு" என்றார். பிறகு சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். தெருத் தெருவாகப் போய்த் தானே சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மைக்கில் சொல்ல வெட்கமாக இருந்தது.

சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டம் போடவில்லை.

காலை ஆறு மணியிலிருந்து அடக்கி வைத்த ஊர் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்தது. வைக்கோல் வண்டிக்காரர்களுக்கு இருட்டுமுன் திரும்ப வேண்டும். வாழைத்தார் லாரிக்கு நாங்குநேரிச் சந்தை. டிராக்டர்கள் நெல் மூட்டையோடு ஸ்ரீவைகுண்டம் போக வேண்டும். பாதிப் பாலைக் கரையில் சிந்திவிட்டு வந்த பால்காரர்கள் மீதிப் பாலோடு அவசரமாக வந்தார்கள். புல்லுக்கட்டுப் பெண்கள், ரேஷன் கடைக்குப் போகிறவர்கள், ஆடுகள். எல்லோரும் தென்கால் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றேகால் மணி டவுன் பஸ் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஜீப்.

ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டிக்கு இடமில்லாத பாலம் அது. பாலத்தின் மேல் முதல் வைக்கோல் வண்டியும் பஸ்ஸும் முகத்துக்கு முகம் நின்றன. பின்னால் வந்தவர்கள் பின்னால் போக முடியவில்லை. மாடு ரிவர்ஸில் போகாது.

பரமசிவனுக்கு அன்றைக்குத்தான் வேலை கிடைத்தது. பென்சில் முனை தேயத் தேயக் கோடு போட்டார்.

ஜீப்பில் இருந்தவர் கோட்டப் பொறியாளர் வேதமுத்து. பாளையங்கோட்டைக்காரர். அடுத்த வருஷம் ஓய்வு. நேரம் தவறாதவர் என்று பெயர். ஐம்பது நிமிடம் அவர் அந்த ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸும் ஜீப்பும் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி, வண்டிகளை ஒவ்வொன்றாக விட்ட பிறகு, இறங்கிப் பாலத்துக்கு நடந்து வந்தார். சட்டைக் காலரில் ஒரு வைக்கோல்.

"எத்தனை?"

பரமசிவன் அட்டையை நீட்டினார். வேதமுத்து அதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆறரை மணி நேரத்துல முப்பத்தொண்ணு. அடுத்த ஒண்ணரை மணி நேரத்துல இருநூத்திப் பன்னெண்டு." கோமதிசங்கரை நிமிர்ந்து பார்த்தார். "நான் வர்ற நேரம் பாத்து எல்லா வண்டியையும் ஏவி விட்டீங்களா? இது உங்க மாமனார் ஊருன்னும் சொல்லுதாங்க."

கோமதிசங்கருக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. பதினான்கு வருஷ சர்வீஸில் அவனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நடந்ததைச் சொல்லலாம். சொன்னால் மாமனாரை அத்தனை பேர் முன்னால் முட்டாளாக்க வேண்டும். ஒரு தடவை பந்தியில் அதைச் செய்தது போதாதா என்று தோன்றியது.

"இல்லை சார்" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

"இல்லைன்னா இது என்ன?"

"நான் சொல்லுதேன் சார்."

வண்டிகளுக்கு நடுவில் புகுந்து அம்மையப்பன் வந்தார். சலவைச் சட்டை முழுக்க வைக்கோலும் வியர்வையும். மாலையை வீட்டிலேயே மறந்துவிட்டார்.

"பஞ்சாயத்துத் தலைவர் அம்மையப்பன். அவரை ஒண்ணும் கேக்காதீங்க. மடத்தனம் என்னுது. ஆபீசர் வாராவ, ரோடு பளிச்சுன்னு இருக்கணும்னு காலையில இருந்து ஒரு வண்டியையும் விடாம நான்தான் நிறுத்தி வச்சேன். நான் ஏவி விடலை சார், கட்டிப்போட்டேன். அவுத்து விடச் சொன்னது அவரு. சுத்திச் சுத்தி எட்டு நடை விடட்டான்னும் கேட்டேன். பொய்க் கணக்கு எழுத மாட்டேன்னுட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆளு இல்லை."

பாலத்தில் நின்ற ஊர் முழுவதும் கேட்டது. அம்மையப்பன் யாரையும் பார்க்காமல் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தார்.

வேதமுத்து அவரையும் வரிசையில் நின்ற வண்டிகளையும் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"தலைவரே, முப்பத்திரண்டு வருஷமா நான் ரோட்டு வேலை பாக்கேன். ஆபீசர் வாராருன்னு ராத்திரியோட ராத்திரியா ரோடு போட்ட ஊரைப் பாத்திருக்கேன். ரோட்டையே காலி பண்ணிக் குடுத்த ஊரை இன்னைக்குத்தான் பாக்கேன்."

முதலில் சிரித்தது கொம்பையா. பிறகு எல்லோரும். அம்மையப்பனுக்கும் கடைசியில் உதடு விரிந்துவிட்டது.

ஆனால் வேதமுத்து பேனாவை எடுத்துத் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இன்னைக்குக் கணக்கு செல்லாது. காலையில பொய்க் காலி, மத்தியானம் பொய்க் கூட்டம். ரெண்டையும் நான் அனுப்ப மாட்டேன். வர்ற செவ்வாக்கிழமை வேற கோட்டத்து ஆளுங்க ரெண்டு பேர் வந்து திரும்ப எண்ணுவாங்க. அது வரைக்கும் புது ரோட்டுக் கோப்பை நிறுத்தி வைக்க நான் எழுதுதேன். அன்னைக்கு மாமனாரும் மருமகனும் இந்தப் பாலத்துப் பக்கமே வரப்பிடாது." ஜீப்பில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார். "இந்தப் பாலத்துல அம்பது நிமிஷம் நான் மாட்டினதையும் எழுதுவேன். அதுக்கு எவனும் எண்ண வேண்டாம்."

ஜீப் போனது. கூட்டம் கலைந்தது. பாலத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"மாப்ளே" என்றார் அம்மையப்பன். "சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை மாமா."

"வாங்க" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவ்வளவுதான் சமாதானம். நாலு மாதச் சண்டைக்கு அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

மூன்று மணிக்கு இலை போட்டாள் அனுராதா. உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல், சுட்ட அப்பளம். வடிவம்மாள் மாப்பிள்ளைக்கு நல்லெண்ணெய் ஊற்றும்போது கை தாராளமாகச் சரிந்தது. அனுராதா தூணில் சாய்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த வியாழக்கிழமை அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அம்மாவும் மகளும் அடுப்படிக்குப் போனதும் கோமதிசங்கர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு பேசினான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். இத்தனை நாள் சொல்லாம இருந்தது தப்பு. செவ்வாக்கிழமை கணக்கு நல்லா வந்து இந்த ரோடு அகலமாச்சுன்னா, கெழக்க வாய்க்கால் இருக்கு. அதைத் தொட முடியாது. எடுக்கிறது பூரா மேற்குப் பக்கம்தான். நம்ம வீட்டு முன்னால எட்டடி."

"எட்டேகால்" என்றார் அம்மையப்பன், துவையலைத் தொட்டுக்கொண்டு. "உங்க சர்வேக்காரன் போன வாரம் செவுத்துல செவப்பாக் கோடு போட்டுட்டுப் போனாம்லா. நான் டேப்பு வச்சு அளந்துட்டேன்."

கோமதிசங்கர் நிமிர்ந்தான். "தெரிஞ்சுதான் இன்னைக்கு இவ்வளவும் செஞ்சீங்களா?"

"முதல்ல எனக்கும் புது ரோட்டு மேலதான் ஆசை. பொறவு கொம்பையா வயல்ல கல்லு நட்டதைப் பாத்தேன். அந்த மனுசன் கல்லைச் சுத்தி நாத்து நட்டுக்கிட்டு இருந்தான். புதுசு வந்தா அவனுக்கு வயலே போகுது. பழசு அகலமானா எனக்கு முன்னறை மட்டும்தான் போகுது. தலைவர்னு ஓட்டு வாங்கிட்டு இதுல வேற என்ன யோசிக்க இருக்கு?"

கோமதிசங்கர் மாமனாரை இன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கண் கலங்கியது. எள்ளுத் துவையலின் காரம் என்று வைத்துக்கொண்டான். சட்டென்று இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"மாமா, முன்னறைன்னா அத்தையோட..."

"மெல்லப் பேசுங்க" என்றார் அம்மையப்பன்.

முன்னறையை ஒட்டித்தான் போன தை மாதம் வடிவம்மாளுக்குக் குளியலறை கட்டியிருந்தது. முழங்கால் வலியோடு கொல்லைக் கிணற்றுக்கு நடக்க முடியவில்லை என்று பதினைந்து வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கினது. வெள்ளை ஓடு பதித்து, குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். ஊரில் முதல் முதலாக. அந்த எட்டேகால் அடிக்குள் அதுவும் போகும். காலையில் அனுராதா வந்ததும் காபிக்கு முன்னால் அவளுக்குக் காட்டியது அதைத்தான்.

"அத்தைக்குக் கோடு விஷயம் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நமக்கு இன்னைக்குச் சோறு கெடைக்குமா? கோட்டு மேல ஒரு தென்னந்தட்டியைச் சாத்தி மறைச்சு வச்சிருக்கேன்."

அடுப்படியிலிருந்து வடிவம்மாள் பாத்திரத்தோடு வந்தாள்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? பேசாத நாளுக்கெல்லாம் சேத்துப் பேசுதீங்களோ? பேசுங்க, பேசுங்க. நான் போய் வாசல்ல கெடக்க அந்தத் தட்டியை எடுத்துத் தொழுவத்துல போட்டுட்டு வந்துருதேன். நாலஞ்சு நாளா முன்னறைச் செவுத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, பாக்கவே நல்லால்லை."

மாமனாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தை, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றான் கோமதிசங்கர்.

"எனக்கும்" என்றார் அம்மையப்பன்.

வடிவம்மாளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, இரண்டு இலையிலும் நிறையப் பரிமாறினாள்.